சூரியனுக்கு வாரண்டி

எங்கள் வாப்பா எதை வாங்கினாலும் அது எப்போது பழுதாகும் என்றுதான் முதலில் கேட்பார். கற்பிட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்து மோட்டாரைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டலாம் என்று, சிலாபத்துக் கொம்பனி ஒன்றிலிருந்து விற்பனையாளர் வந்து கதிரையில் உட்கார்ந்தபோதும் அதையே கேட்டார்.

"எங்கட சோலார் பலகைக்கு இருபத்தைஞ்சு வருசம் வாரண்டி, ஹாஜியார். சூரியனுக்கு முடிவே இல்ல."

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம்.

"முடிவு இருக்கு," என்றேன்.

வாப்பா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க மகள்."

சொன்னேன். பெரிய வாயு மேகம் ஒன்று தன் பாரத்திலேயே உள்ளே சரிந்து, சூடேறிப் பிறந்ததுதான் சூரியன். நடுவில் ஐதரசன் வாயுவை ஹீலியமாக மாற்றித்தான் ஒளி விடுகிறது. ஏறத்தாழ பாதி ஆயுள் போய்விட்டது. இன்னும் ஐந்நூறு கோடி வருடம் போல் கழிந்தால், நடுவில் ஐதரசன் தீர்ந்து, சிவந்து ஊதி, பக்கத்துக் கோள்களை விழுங்கும்.

"என்னப் போலதான், பாதி போயிட்டு," என்றார், எழுபது தாண்டிய வாப்பா.

"பாதியா?" என்று குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

வாப்பா அது காதில் விழாதவர் போல் விற்பனையாளரைப் பார்த்தார். "ஊதினா கரண்ட் கூடுதலா வருமா?"

விற்பனையாளர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். அதற்கு வெகுகாலம் முன்பே வெக்கை கூடிக் கடலெல்லாம் வற்றிவிடும் என்றேன்.

"அப்ப உப்பு மலியும்," என்றார் உம்மா.

கடைசியில் சூரியன் தன் வெளித்தோலைக் கழற்றி எறிந்துவிட்டு, பூமியளவு வெள்ளைத் தணலாக மிஞ்சி, மெல்ல ஆறிப்போகும் என்று முடித்தேன்.

வாப்பா தாடியைத் தடவினார். "அப்ப தம்பி, உங்கட சாமான்தான் முதல்ல பழுதாகும்."

விற்பனையாளர் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினார். வெளியே போய்த் தலைக்கவசத்தைப் போட்டவர், திரும்பக் கழற்றினார்.

"டீச்சர், பூமியும் சூரியனுக்கு உள்ளுக்குப் போகுமா?"

"போகும் போலத்தான். நிச்சயமா ஒருத்தருக்கும் தெரியாது."

"போன மாசந்தான் எனக்கு மகள் பொறந்தவ."

அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, பிள்ளை பிறந்த வீட்டில் மரண அறிவித்தல் வாசித்தது போலாகிவிட்டது. "அவட பேரப்பிள்ளைகளுக்கும் போதும் போதுமெண்ட அளவுக்கு வெயில் இருக்கு," என்றேன். அவர் தலைக்கவசத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "கற்பிட்டியில அது இப்பவே அதிகந்தான்," என்று சொல்லிப் புறப்பட்டார்.

வாப்பா அடுத்த கிழமை ஓம் என்று சம்மதித்தார். தோட்டத்தில் பலகைகளைப் பூட்ட வந்தபோது விற்பனையாளர் உம்மாவிடம் ஃபோனில் பிள்ளையின் படத்தைக் காட்டினார். உம்மா ஒரு பொதி கருவாடு கொடுத்தனுப்பினார். அன்று பின்னேரமே எங்கள் ஆடு பலகைகளுக்குக் கீழே நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. வாப்பா விரட்டிப் பார்த்தார். அது எழும்பவில்லை.