பின்சக்கரத்து நட்டு

அருப்புக்கோட்டையில் பதினைந்து வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஊரார் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதோடு சரி, எனக்கென்று ஆசைப்பட்ட வண்டி அமைந்ததில்லை. விசைத்தறி ஓட்டும் என் நண்பன் கண்ணனோ, பெட்டியில் பாகம் பாகமாக வந்த, மேடுபள்ளத்தில் ஓட்டும் சைனா டர்ட் பைக்கை வீடியோ பார்த்தே பூட்டி முடித்துவிட்டான்.

"ஏலே, நாளைக்கு திருச்சுழி பக்கம் காஞ்ச கம்மாய்ல ஓட்டப் போறேன். ஒருக்கா பாத்துச் சொல்லு" என்றான்.

குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்தேன். செயினை அளவாக இழுத்திருந்தான். கூட வந்த மட்டமான போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு நல்லதாகப் போட்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. கடைசியில் பின்சக்கரத்து நட்டைத் தொட்டேன். கையாலேயே சுழன்றது. அதை மட்டும் முறுக்க மறந்திருக்கிறான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விழட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கம்மாய்க்குப் போனோம். சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்த கண்ணன், சாவியை என் கையில் கொடுத்தான்.

"நீ பாத்துக் குடுத்த வண்டி. பழத்துமேல நீதான் மாப்ள ஏத்தணும்."

ஏறினால் விழப்போவது நான். "இரு, பின் நட்டை ஒருக்கா பாத்துக்கிறேன்" என்று ஸ்பேனரை எடுத்தேன். நட்டு மூன்று சுற்று போனது. கண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நல்லவேளை நீ இருந்த, மாப்ள" என்றான்.

அவன் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.