ஆலமரங்கள் இருந்தவரை

புனேயிலிருந்து போகும் பழைய பெங்களூர் ரோட்டை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது மரங்களின் இடுப்பு. சாத்தாராவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாலையோரத்து ஆலமரங்களுக்கு, ஆள் உயரத்தில் காவியும் அதற்கு மேலும் கீழும் சுண்ணாம்பும் பூசியிருப்பார்கள். வெளிச்சம் மங்கியதும் மரம் மறைந்து போகும். அந்தப் பட்டை மட்டும் நிற்கும். லாரி விளக்கு பட்டால் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, ஒதுங்கி வழிவிட்டு, பின்னால் போய்விடும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நாம் போகிறோமா, அவை வருகின்றனவா என்று சொல்ல முடியாது. தாழ்ந்து தொங்கும் விழுதுகள் தார்ப்பாயின் மேல் உரசும். யாரோ தலை கோதிவிடுகிற மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். கரும்பாலைப் புகையின் இனிப்பு வாசனை கராடில் ஏறிக்கொண்டால் வெகுதூரம் கூடவே வரும்.

அந்த ரோட்டில் நான் என் அக்கா வீட்டுக்காரரோடு ஓடினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதன் பிறகு செங்கல் சூளை, போர்வெல் வண்டி, ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலை என்று எங்கேயும் காலூன்றவில்லை. சாப்பாடு கிடைத்த இடத்தில் இருந்தேன், கிடைக்காதபோது கிளம்பினேன். அக்கா புனேயில், போபோடியில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஒருநாள் பையோடு அவள் வாசலில் போய் நின்றபோது, மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஒரே வேலையில ஒரு தீபாவளிகூடப் பாத்ததில்ல மாப்ளே. லாரியிலாவது உக்காரு. அது நகர்ந்துக்கிட்டே இருக்கும், உனக்கும் சரியா வரும்" என்றார். அப்படித்தான் அவர் வண்டியில் இரண்டாவது டிரைவர் ஆனேன்.

ஆத்தூரில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றுவோம். புனேக்காரர்கள் விரதம் என்றால் ஜவ்வரிசி கிச்சடிதான் சாப்பிடுவார்கள். ஊரே பட்டினி கிடக்கிற நாளில் எங்களுக்கு நல்ல லோடு என்று மாமா சிரிப்பார். திரும்பும்போது வெங்காயம். கர்நாடகாவை நான் ஓட்டுவேன். கோலாப்பூர் தாண்டினால் ஸ்டியரிங் அவருடையது. அதை யாருக்கும் தரமாட்டார். வீட்டுக்குப் போகும்போது தானே ஓட்டிப் போக ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

கராடுக்கு வெளியே ஒரு தாபாவில் எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லாரும் கூடுவார்கள். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் பாட்டில் உருளும். மாமா மட்டும் எவர்சில்வர் டம்ளரில் சூடான பால் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பார். அவருக்குப் பால்காரர் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு நாமக்கல்காரர் அவர் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, மாடு எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பார். "வெளியில நிக்குது, பத்துக் காலு" என்று தன் லாரியின் சக்கரங்களைக் காட்டுவார் மாமா. அவருடைய அப்பா குடித்தே செத்தவர். அதைப்பற்றி அவர் பேசியதில்லை. பாலைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைப்பார், அவ்வளவுதான்.

பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் மரம் குறைந்திருக்கும். வெட்டிய அடிமரங்கள் கோவணத்தோடு படுத்திருக்கிற மாதிரி அந்தச் சுண்ணாம்புப் பட்டையோடு கிடந்தன. ஊர்களுக்குள் நுழையாமல் பைபாஸ் போட்டார்கள். ரோடு நன்றாகத்தான் ஆனது. பொய் சொல்லக்கூடாது, முதுகு வலி எனக்குப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மாமா மட்டும் அந்த நல்ல ரோட்டில் தடுமாறினார். வேகம் குறைந்தது. சாயங்காலம் ஆனால் முன்னால் போகிற ஏதாவது ஒரு லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, அது எத்தனை மெதுவாகப் போனாலும் தாண்டாமல் பின்னாலேயே போவார். கேட்டால், அவசரம் என்ன, வெங்காயமா அழுகிறது, ஜவ்வரிசிதானே என்பார்.

கம்பாட்கி மலையில் ஒரு சுரங்கம் குடைந்தார்கள். அதன் பிறகு பழைய மலைப்பாதை ஒருவழி ஆகிவிட்டது. புனேயிலிருந்து தெற்கே போகிற வண்டிகள் மட்டும் அதில் ஏறும். புனேக்கு வருகிறவர்கள் சுரங்கத்தில் நுழைய வேண்டும். இரண்டும் பிரிகிற இடத்தில் பெரிய பலகை வைத்திருந்தார்கள்.

அன்று புனேக்கு வந்துகொண்டிருந்தோம். மழை விட்டு மேகம் மலைமேல் இறங்கியிருந்தது. இருட்டவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு மாலை. நான் பின்சீட்டுப் பலகையில் படுத்திருந்தேன். வண்டி ஏறுகிற முனகலும், வளைவில் சாய்கிற சாய்வும் பழைய நாட்கள்போல அத்தனை சுகமாக இருந்தன. கனவில் விழுதுகள்கூட உரசின. பிறகு ஒரு ஹாரன் கேட்டது. இன்னொன்று. அப்புறம் மலையே ஹாரன் அடிக்கிற மாதிரி கேட்டது. எழுந்து பார்த்தால் எங்கள் கண்ணாடிக்கு முன்னால் மேகத்துக்குள் இரண்டு விளக்குகள். அதற்குப் பின்னால் வளைவு முழுக்க விளக்குகள். மலை ஏறி இறங்கி வருகிற வண்டிகளுக்கு எதிரே நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம்.

"மாமா, நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். "நம்ம ரோடுதானே இது" என்றார். எனக்குச் சொல்லவில்லை.

எதிரே நின்ற லாரியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். மராத்திக்காரர், தலையில் வெள்ளைக் குல்லாய். பின்னாலேயே நாலைந்து பேர். மாமாவைக் கீழே இறக்கினார்கள். சட்டையைப் பிடித்தது ஒரு கை. குடித்திருக்கிறாயா என்று பெரியவர் கேட்டார். நான் முந்திக்கொண்டு, ஆமாம், கொஞ்சம் குடித்துவிட்டார், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். நாலு அடி விழும், போலீஸ் வந்தால் ஒரு ராத்திரி உட்காரவைப்பான். மறுவாரம் மறுபடி வண்டி எடுக்கலாம். குடிகாரனுக்கு இந்தத் தொழிலில் எப்போதும் இடம் உண்டு. கூட்டமும் அதை நம்பியது. போதையில் வந்தவன்தானே என்று சட்டையைப் பிடித்த கை தளரக்கூடச் செய்தது.

மாமா என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால், நான் நிற்கும் பக்கம் பார்த்தார். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது அவர் பார்வை. பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, தன் லாரி இந்தியில் சொன்னார்.

"தாரூ நஹி, பாய். ஆங்க் நஹி."

சாராயம் இல்லை, கண் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பெரியவர் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். மாமா சரிவைக் காட்டி, மரம் இருந்தவரை தெரிந்தது என்றார். பெரியவருக்கு அது விளங்கியது என்றே நினைக்கிறேன். போய் எங்கள் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அந்த நாலைந்து பேரும் முன்னும் பின்னும் நின்று கத்தி வழிகாட்ட, அகலமான வளைவு வரும்வரை பின்னோக்கியே இறங்கி, வண்டியைத் திருப்பினோம்.

மாமா இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். சுரங்கத்துக்குள் நுழையும்போது, மஞ்சள் விளக்குகள் வரிசையாக வருகின்றன, பாருங்கள் என்று சொல்ல நினைத்துத் திரும்பினேன். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனையோ நடை அவரோடு ஓடியிருக்கிறேன். கோலாப்பூருக்கு இந்தப் பக்கம் அவர் கண்மூடி நான் பார்த்ததே இல்லை.

மாலைக்கண், போன பார்வை இனி திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்கா அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவரையாடா குடிச்சார்னு சொன்னே?" என்று மூன்று நாள் எனக்குச் சோறு போடாமல் தட்டை மட்டும் வைத்தாள்.

இப்போது நான் ஹிஞ்சேவாடியில் கம்பெனி கார் ஓட்டுகிறேன். தீபாவளிகள் நிறையப் பார்த்துவிட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை மாமாவையும் அக்காவையும் ஊருக்கு அழைத்துப் போகிறேன். புனே எல்லையில் இருக்கிற காத்ரஜ் தாண்டுவதற்குள் மாமா தூங்கிவிடுவார். எங்கே வந்திருக்கிறோம் என்று ஒருமுறைகூட விழித்துக் கேட்டதில்லை.