ஸ்டிக்கர் சுரண்டிய அட்டை

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். மேடையேறிச் சாட்சி சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பேச வேண்டாம், எழுதியாவது கொடுங்க" என்று போதகர் மூன்று வாரமாகக் கேட்கிறார். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயராணி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பிழைக்க வந்து பல வருஷமாகத் திருப்பூர் அருள்புரத்தில் இருக்கிறோம். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். என் கண்ணுக்கு ஒரு பழுதும் தப்பாது என்று எனக்கு மண்டைக்கனம் உண்டு. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் தங்கராஜ் நிட்டிங் மெஷின் மெக்கானிக். அவருடைய முதலாளி பழைய மெஷின்கள் நாலைந்தை நேபாளத்தில் பீர்கஞ்ச் என்ற ஊரில் ஒரு மில்லுக்கு விற்றார். அதை அங்கே பொருத்திக் கொடுக்க இவரை அனுப்பினார். இவரிடம் பாஸ்போர்ட் இருந்தது. "ஏட்டி, நீயும் ஒண்ணு எடுத்து வை, எதுக்காவது ஆகும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "ஆமா, நான் லண்டனுக்குப் போய்ப் பீஸ் செக் பண்ணப் போறேன்" என்று கேலி பேசிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

தீபாவளி முடிந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த மில்லிலிருந்து போன் வந்தது. மெஷினை இறக்கும்போது செயின் விட்டு மெஷின் இவர் தொடையில் விழுந்திருக்கிறது. நாலு நாளைக்கு முன்னாலேயே நடந்தது. நான் பயப்படுவேன் என்று இவர்தான் சொல்ல வேண்டாம் என்றாராம். இப்போது புண்ணில் கிருமி ஏறிவிட்டது, காய்ச்சலில் பிதற்றுகிறார், நினைவு சரியாக இல்லை. ஆபரேஷன் செய்து புண்ணைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், தாமதித்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம், உயிருக்கும் சொல்ல முடியாது, சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளைப் போதகர் வீட்டில் விட்டேன். முதலாளி டிக்கெட் போட்டுக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறினேன், அதுவும் தனியாக. கோயம்புத்தூரில் ஆதாரைக் காட்டினேன், உள்ளே விட்டார்கள். டெல்லியிலும் காட்டினேன், விட்டார்கள். பாட்னாவில் இறங்கி, பஸ் மாறி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரக்சவுல் என்ற எல்லை ஊரில் போய் நின்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிவதுதான் நேபாளம் என்றார்கள். மாட்டு வண்டியும் லாரியும் சைக்கிளும் சாரை சாரையாகப் போகின்றன. இவ்வளவுதானா வெளிநாடு, காந்தி நகரிலிருந்து அவிநாசி போகிற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

சோதனை செய்கிற இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஆதாரை நீட்டினேன். அந்த அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது செல்லாது என்றார். பாஸ்போர்ட், இல்லாவிட்டால் ஓட்டு போடுகிற அட்டை, இரண்டில் ஒன்று, அதுவும் அசல் வேண்டும் என்றார். அந்த வாரம் கெடுபிடி அதிகமாம்.

ஆதார் செல்லாதா? கம்பெனி கேட்டில் ஆதார். பேங்கில் ஆதார். ஆஸ்பத்திரியில் ஆதார். சிம் கார்டு வாங்க ஆதார். திருப்பூரில் ஆதார் இருந்தால் உலகத்தையே சுற்றலாம் என்றல்லவா இருந்தேன்! எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் செக்கிங் டேபிள் இந்தி. ஓட்டை, கறை, சீக்கிரம், மறுபடி தை, அவ்வளவுதான். புருஷன் சாகக் கிடக்கிறார் என்பதற்கு அதில் வார்த்தை இல்லை. கையைக் கூப்பி அழுதேன். அவர் நல்ல மனுஷன்தான், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். ஆனால் விதியை மீறி விட முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

என் ஓட்டு அட்டை எங்கே தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கம்பெனியில் செக்கிங் டேபிளில் கிடந்தது. தையலிலிருந்து வரும் ஒவ்வொரு பீஸிலும் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்தால் பசை துணியிலேயே நின்றுவிடும். நகத்தால் சுரண்டிச் சுரண்டி விரல் புண்ணாகிவிடும். ஒரு நாள் பையில் கிடந்த ஓட்டு அட்டையின் லேமினேஷன் ஓரத்தால் சுரண்டிப் பார்த்தேன். துணிக்குச் சேதமில்லாமல் பசை அழகாக வந்துவிட்டது! அன்றிலிருந்து அதுதான் என் ஆயுதம். டேபிள் முழுக்க "ஜெயாக்கா அட்டை எங்க?" என்றுதான் கேட்பார்கள். சர்க்கார் என் முகத்தைப் போட்டுக் கொடுத்த அட்டையால் வருஷக்கணக்காகப் பசை சுரண்டியிருக்கிறேன்.

சூப்பர்வைசர் தனத்துக்குப் போன் போட்டேன். பல்லடத்துப் பெண். என் அட்டையைத் தேடு, கிடைத்தால் யாரிடமாவது விமானத்தில் கொடுத்து அனுப்பு என்று கத்தினேன். பத்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, ரெண்டு தடவ தேடிட்டனுங்க. டேபிள்ல இல்லீங்க அக்கா. தீபாவளிக்கு முன்னாடி டேபிள் மேல கெடந்ததையெல்லாம் கூட்டி வேஸ்ட் மூட்டையில கட்டி அனுப்பிட்டமுங்க. அழுவாதீங்க அக்கா, நான் குரூப்புல எல்லாருத்துக்கிட்டயும் கேட்டுப் பாக்கறனுங்க."

வேஸ்ட் மூட்டை! வெட்டுத் துணியோடு என் அட்டையும் ஏதோ குடோனுக்குப் போய்விட்டது. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆட்டோவில் போனால் அரை மணி நேரத்தில் என் புருஷன். ஆஸ்பத்திரியில் இருந்த மில் ஆள் திரும்பத் திரும்பப் போன் செய்கிறார். சாயங்காலத்துக்குமேல் டாக்டர் பொறுக்கமாட்டாராம்.

அப்போது பேட்டரி ரிக்‌ஷாக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்தான். வயல் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், உட்காருங்கள் என்று சைகையில் காட்டினான். சகோதரிகளே, நான் மறைக்கமாட்டேன். பையைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்துவிட்டேன். ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். பிடித்து ஜெயிலில் போட்டால் போடட்டும் என்ற வெறி.

வண்டி நகருகிற நேரத்தில் கண்ணை மூடினேன். முப்பது நிமிஷம் ஜெபிக்கிறவள் நான், அன்றைக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "அப்பா, நான் முட்டாள். இது தப்புன்னா நிப்பாட்டும். எனக்கு அந்தப் பக்கம் போகணும், வேற ஒண்ணும் வேண்டாம்."

போன் அடித்தது. முகேஷ் என்று பெயர் வந்தது.

முகேஷ் பீகார்க்காரர். மூன்று வருஷமாக எனக்குப் பக்கத்து டேபிள். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். தீபாவளிப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். இவருக்கு என்ன இந்த நேரத்தில் என்று எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"தீதி, தனம் மேடம் குரூப்ல வாய்ஸ் போட்டாங்க. உங்க கார்டு நம்மகிட்ட இருக்கு."

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கார்டு?"

"வோட்டர் கார்டு, தீதி. வேஸ்ட் மூட்டையில கெடந்துச்சு. நம்ம பாத்து எடுத்துட்டோம். கெளம்புற அன்னிக்கு உங்களுக்குக் குடுக்க வந்தோம். நீங்கதான் அப்புறம் வாங்க, சரக்கு ஏத்த கன்டெய்னர் நிக்குதுன்னு சொல்லிட்டீங்க."

சொன்னேன். ஆமாம், சொன்னேன். கையில் எதையோ வைத்துக்கொண்டு நின்றார், நான் முகத்தைக்கூடப் பார்க்காமல் விரட்டினேன். அதற்கும் முன்னால் ஒரு தடவை, என் அட்டையை வாங்கித் துடைத்துப் பார்த்துவிட்டு, "தீதி, இதுல சுரண்டாதீங்க. பார்டர்ல இதுதான் கேப்பாங்க, ஆதார் கேக்கமாட்டாங்க" என்றார். "எந்தப் பார்டர்? பல்லடம் பார்டரா?" என்று கேட்டேன். டேபிளே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பெல்லாம் ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்த எனக்கு முகத்தில் அறைந்தது.

"முகேஷ், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்ல. மோத்திஹாரி பக்கம். நீங்க எங்க, தீதி?"

"ரக்சவுல்."

அவர் குரல் மாறிவிட்டது. "தீதி, அது நம்ம வீட்ல இருந்து ரெண்டு மணி நேரம்தான். எங்கயும் போகாதீங்க. வயல் வழியா கூப்புடுவாங்க, போகாதீங்க. ஆஸ்பத்திரியிலயும் காகிதம் கேப்பாங்க. அங்கயே உக்காருங்க."

ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினேன். அந்த மண்ணிலேயே முழங்கால் போட்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

ஒன்றரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். மறுநாள் அவர்கள் வீட்டில் சட் பூஜை, சூரியனைக் கும்பிடுகிற பெரிய பண்டிகை, மனைவி விரதம். அப்படியே கிளம்பி வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்தார். எங்கள் கம்பெனியில் கழுத்துப் பட்டிக்கு வைக்கிற ரிப் துணி, வெட்டில் மிஞ்சிய துண்டு. உள்ளே என் அட்டை. ஒட்டியிருந்த பசையெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஓரம் தேய்ந்திருந்தாலும் முகம் அப்படியே இருந்தது. எனக்கே என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

அதிகாரி அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஓரத்தைத் தடவி இது என்ன என்று கேட்டார். முகேஷ் இந்தியில் விவரம் சொன்னார். ஸ்டிக்கர் சுரண்டுகிற மாதிரி கையால் செய்தும் காட்டினார். அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்த இன்னொரு காவலர் சிரித்துவிட்டார். அட்டையில் சாத்தான்குளம், ஆதாரில் திருப்பூர். அதிகாரி பெயரையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து, போங்கள் என்று கை காட்டினார்.

கிளம்பும்போது முகேஷ் ஒரு பொட்டலம் கொடுத்தார். நான் தயங்கினேன். ஒவ்வொரு வருஷமும் அவர் ஊர்ப் பலகாரம் கொண்டுவருவார், சாமிக்குப் படைத்தது நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று நான் வெடுக்கென்று மறுத்துவிடுவேன். அவரே சொன்னார்: "இது படைச்சது இல்ல, தீதி. வெறும் ரொட்டிதான். நீங்க சாப்பிடலாம்." என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. என்னைப் பற்றி அவருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. அவர் ஊர் எது என்று மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. பீகார் என்று தெரியும், அதற்குமேல் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். அங்கேயும் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது நாள் காய்ச்சல் இறங்கி, இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஏட்டி, நீ எப்படி வந்த? ஒங்கிட்டதான் பாஸ்போர்ட் இல்லையே?" சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தேன்.

இன்றைக்கு அவர் கம்பு ஊன்றாமல் நடக்கிறார். போன ஞாயிறு இதே சபையில் கடைசி வரிசையில் நின்று பாடியதைப் பார்த்திருப்பீர்கள். நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஓட்டு அட்டை பைக்குள் அதே ரிப் துணியில் இருக்கிறது. டேபிளில் பசை சுரண்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற யாரிடமும் முதலில் நான் கேட்பது ஊரைத்தான். ஒடிசா என்றால் ஒடிசாவில் எந்த ஊர், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பீஸைக் கையில் வாங்குகிறேன்.

பிரியமானவர்களே, பயணம் போகிறவர்கள் எந்த இடத்தில் எந்த அட்டை கேட்பார்கள் என்று முன்னமே விசாரித்துக்கொண்டு போங்கள். ஜெபிக்கிறோம் என்பதற்காக மெத்தனமாக இருக்காதீர்கள், நான் இருந்தேன். அப்படியிருந்தும் கர்த்தர் என்னைக் கைவிடவில்லை. உங்களையும் விடமாட்டார், எவ்வளவு முட்டாள்தனம் செய்திருந்தாலும் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் என்னைத் திகைக்க வைக்கிறது. நான் அந்த ரிக்‌ஷாவில் உட்கார்ந்து ஜெபித்தது வியாழக்கிழமை. பதில், அதற்கு முன்னாலேயே திருப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய்விட்டது. ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து நின்றது. நான்தான் அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன்.