யோலிமாவுக்கு வந்த அபராதப் படம்

இபாகே நகரத்து இசைப்பள்ளியில், கணினிக்கு மேலே ஓர் எச்சரிக்கை ஒட்டியிருந்தது: 'முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் மின்னஞ்சலில் உள்ள எதையும் திறக்காதீர்கள்.' எழுதி ஒட்டியவள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் யோலிமா. ஒட்டிய கையோடு வாசல் காவலாளி வில்மரைக் கூப்பிட்டு ஒரு பிரசங்கமும் செய்தாள்.

கடைசியில் திறந்தது அவள்தான். எண்ணின் கடைசி இலக்கப்படி தன் வண்டி தெருவில் ஓடக் கூடாத செவ்வாய்க்கிழமையில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று காரை எடுத்துக்கொண்டு, முடியை நேராக்கிக்கொள்ளப் போயிருந்தாள். பள்ளியை நடத்தும் அம்பாரோ அம்மாவிடம் சொன்னது பல்வலி. மறுநாளே 'போக்குவரத்து அபராதம், படம் இணைப்பில்' என்று மின்னஞ்சல் வந்தால் கை சும்மா இருக்குமா? தப்புச் செய்யாதவள் சிரித்துவிட்டு அழித்திருப்பாள். இவள்தான் செய்திருந்தாளே. அழகு நிலைய வாசலும் படத்தில் விழுந்திருக்குமோ என்று அழுத்திப் பார்த்தாள். படமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மாலைக்குள் கணினியிலிருந்த அத்தனையும் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. அம்பாரோவின் கணவர் ஃபாபியோ வாத்தியார் போன வருஷம்தான் இறந்துபோனார். திப்லே என்ற சின்ன கிதாரில் அவர் வாசித்துச் சொல்லிக்கொடுத்த பாடங்களின் ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு நகல் கிடையாது. எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று தள்ளிப்போட்டவளும் யோலிமாதான்.

பழி வில்மர் தலையில் விழுந்தது. மதியத்தில் அந்தக் கணினியில் அவன் கால்பந்து பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். "வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ" என்று அம்பாரோ சொன்னபோது யோலிமா பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை. அன்று வீட்டில் வாழையிலையில் கட்டி வேகவைத்த தமாலைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள். தன்னை நினைத்தால் தனக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளியன்று வில்மர் பையோடு வந்து நின்றான்.

"மன்னிச்சிருங்க யோலிமாக்கா. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. மெயில் எதையும் தொடலன்னுதான் எனக்கு நெனப்பு. ஆனா கோல் விழுந்த குஷியில எதையாவது அமுக்கித் தொலச்சுட்டேனோ என்னமோ. அந்த மனுஷன் கொரலயே அழிச்சுட்டேனேக்கா."

"பையக் கீழ வைடா" என்றாள் யோலிமா. நேரே உள்ளே போனாள்.

"அம்மா, அதத் தெறந்தது நான். வில்மர் இல்ல. பல்வலின்னு சொன்னதும் பொய்."

"உன் முடியப் பாத்தப்பவே பல்வலி பொய்யின்னு தெரியும்டி." அம்பாரோ சிரிக்கவில்லை. "வில்மர இருக்கச் சொல்லு."

யோலிமா நகரவில்லை. திட்டுக்காகக் காத்து நின்றாள். திட்டு வரவில்லை.

"பாட்டெல்லாம் போகட்டும்" என்றாள் அம்பாரோ. "வாசிக்கிறதுக்கு முன்ன அவரு ஒரு தடவ இருமுவாரே, அதாவது எங்கயாவது இருக்கா?"

"இல்லம்மா" என்றாள் யோலிமா.