புது லென்ஸும் என் பென்சிலும்

கிளிநொச்சியில் எங்கள் ஸ்ரூடியோவில் படம் பிடிப்பது என் கணவர், முகத்தைச் சரிசெய்வது நான். கழுவிக் காயவைத்த நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் மெல்லத் தட்டுவேன். நெகட்டிவில் சுருக்கமும் குழியும் வெளிறித் தெரியும். அதைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் பிரின்றில் முகம் பளிச்சென்று இருக்கும். யாரும் கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் செய்துதான் கொடுப்பேன். ஊரில் பாதிப் பெண்களின் அழகு என் கையில்தான் இருக்கிறது என்று சொன்னால் இவர் சிரிப்பார். சிரிக்கட்டும், உண்மை அதுதான்.

கொழும்புக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவியத் தொடங்கிய காலம். ஒருமுறை கொழும்புக்குப் போன இவர் ஒரு புது லென்ஸோடு வந்து இறங்கினார். கமராவோடு வந்த பழைய லென்ஸில் இருந்த அதே பெயர், அதே இலக்கம். கையில் வாங்கிப் பார்த்தேன். பழையது முழுக்க உலோகம், கீழே விழுந்தால் நிலத்துக்குத்தான் சேதம். இதுவோ பிளாஸ்ரிக் உடம்பு. வளையத்தைத் திருப்பினால் லொடலொடவென்று ஆடியது. சட்டி பானைகூடக் கையில் தூக்கிப் பாரம் பார்த்து வாங்குகிற ஆட்கள் நாங்கள். நல்லாய் ஏமாந்து வந்திருக்கிறீர்கள் என்று அன்று முழுக்க நான் அவரை விடவில்லை.

இவர் கடைக்காரரிடம் கேட்டு வந்ததைப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கம்பனி செலவைக் குறைக்கிறதற்காக உடம்பைப் பிளாஸ்ரிக்காக்கி, தொழிற்சாலையையும் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டதாம். ஆனால் கண்ணாடியில் நன்றாக மினக்கெட்டிருக்கிறார்களாம். பழைய கண்ணாடியில் பூச்சு ஒன்றே ஒன்று. இதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. சரித்துப் பார்த்தால் பழையது வெறும் நீலமாக மின்னும், புதியது பச்சையும் ஊதாவுமாக மின்னும். பழையதற்குள் போகிற வெளிச்சம் அங்குமிங்கும் பட்டுச் சிதறி, படத்தில் ஒரு மெல்லிய மூட்டத்தைப் போட்டுவிடும். புதியதில் அந்தச் சிதறல் மிகக் குறைவு.

புது லென்ஸில் முகம் உள்ளது உள்ளபடி விழுந்தது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவரும் மனைவியும் சோடியாக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அந்த மனிசி இது தன் மாமியாரின் முகம் என்று சொல்லிப் படத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனா. மூட்டம் மறைத்துத் தந்த பருவும் வடுவும் எல்லாம் இப்போது என் பென்சிலின் தலையில் விழுந்தன. எனக்குக் கண் கடுத்ததுதான் மிச்சம். நான் போட்ட சத்தத்தில் புது லென்ஸ் அலுமாரிக்குள் போனது.

அதற்குப் பிறகு ஒருநாள் கனகராயன்குளத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழரை அடித்துத் துரத்திய கலவரத்துக்குப் பின் வன்னிக்கு வந்து மரக்கறித் தோட்டம் செய்கிறவள். இந்தியாவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றாள். இடது கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, நன்றாகக் குழிந்திருந்தது. கடல் கடந்து போகிற படமாயிற்றே என்று ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தட்டினேன். தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. எனக்கே என் கையை முத்தமிடலாம்போல் இருந்தது.

படத்தை வாங்க வந்தவள் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மலரவில்லை.

"ரொம்ப அழகா இருக்குங்க அக்கா. ஆனா இது நான்தான்னு எங்க அண்ணன் நம்பாதுங்க" என்றாள்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. தோட்ட ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், அவள் சிறுமியாக இருந்தபோதே அண்ணனை மாமன் வீட்டாரோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கலவரத்தில் தங்கை செத்துப்போனாள் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அண்மையில் ஊர்க்காரர் ஒருவர் அங்கே அவனைக் கண்டு, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னபோதும் அவன் நம்பவில்லை. முகத்தைக் காட்டினால் நம்புகிறேன் என்றானாம். கன்னத்துத் தழும்பு அவன் போட்டது. தேயிலைச் செடி நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியால் கொய்யாமரம் வெட்டிக் காட்டுகிறேன் என்று வீசியதில், பின்னால் நின்ற இவளுடைய கன்னத்தில் பட்டுவிட்டது. அவனுக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான். அதை நான் மினக்கெட்டு அழித்து வைத்திருக்கிறேன்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு என் பென்சில் வேலையைத் துடைத்து இன்னொரு பிரின்ற் போட்டோம். தழும்பு ஏதோ நிழல் விழுந்தமாதிரித்தான் தெரிந்தது. பழைய லென்ஸ் தன் பங்கை முன்னமே செய்திருந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் போய் அலுமாரியைத் திறந்தேன்.

யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ அவளை இருத்தி, லொடலொடத்த வளையத்தை இவர் பக்குவமாகத் திருப்பி எடுத்தார்.

"நீர் இதில கை வைக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

வைக்கவில்லை. படத்தில் தழும்பின் ஓரத்துத் தையல் புள்ளிகள்கூடத் தெரிந்தன. அவள் விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். என் பென்சில் வேலையைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

படம் இந்தியாவுக்குப் போய், பல மாதங்கள் கழித்து அவன் இராமேஸ்வரத்தில் கப்பலேறி வந்தான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து படம் எடுக்க எங்களிடம்தான் வந்தார்கள். வயதுக்கு முந்தியே நரை விழுந்த மனிதன். இரண்டு கதிரைகளில் இருத்தினோம். இவர் கமராவைப் பார்க்கச் சொல்ல, அவன் தங்கையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் சொன்னார். அவன் திரும்பவில்லை.

"அண்ணே, முன்னால பாருங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீ பாரும்மா. நான் உன்னப் பாத்துக்கிறேன்" என்றான்.

இவர் அப்படியே எடுத்தார். கழுவிய நெகட்டிவ் மேசைக்கு வந்தபோது நான் பென்சிலைச் சீவவே இல்லை. அழுதுகொண்டே பிரின்ற் போட்டேன்.