அசல் யாரிடம் இருக்கிறது

ஓசூரில் நான் வேலை பார்த்த காலத்தில் சான்றிதழ்கள் பஸ்ஸில் மட்டும்தான் தொலைந்தன. கரையான் அரித்துவிட்டது, மழையில் நனைந்துவிட்டது, குழந்தை கிழித்துவிட்டது என்று ஒருவன்கூட வந்ததில்லை. பெங்களூர் போகிற பஸ், ஜன்னலோர சீட், ரெக்சின் பை, அசந்து தூங்கிட்டேன் சார். ஆள்தான் மாறுவான், கதை மாறாது. அதுவும் எல்லாருக்கும் ஜூஜூவாடி தாண்டுவதற்குள் தொலைந்துவிடும். ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அதற்கு அப்பால் தொலைந்ததாகச் சொன்னால் இந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தப் பக்கம் போகச் சொல்லும். அந்தப் பக்கத்துப் போலீஸ், பஸ் ஏறின ஊரில் போய்க் கேள் என்று கன்னடத்தில் விரட்டும். ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று போலீஸ் எழுதித் தராமல் நகல் சான்றிதழ் கிடையாது. ஆகவே தொலைப்பதையும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே தொலைத்துவிடுவது என்று பையன்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

நான் கல்லூரி அலுவலகத்தில் பதிவேடுகள் பிரிவின் கண்காணிப்பாளர். எண்பதுகளில் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவன். பல்கலைக்கழகத்தில் பதிவாளர் என்று ஒருவர் குளுகுளு அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாரே, அவருடைய வேலையின் வெயில் படுகிற முனை நான்தான். யார் சேர்ந்தான், யார் நின்றான், எவனுக்கு எந்தத் தாளில் எத்தனை மார்க், எவனுடைய பட்டம் எந்தக் கட்டோடு வந்தது, எல்லாவற்றுக்கும் என் தலைதான் உருளும். ஒருவன் தமிழில் கெஞ்சுவான், இன்னொருவனின் அம்மா தெலுங்கில் அழுவாள், மூன்றாமவன் கன்னடத்தில் முறைப்பான். மூன்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: நாளைக்கு வா.

இந்தத் தொலைப்பு வியாதிக்குக் காரணம் எனக்குத் தெரியாமலா இருக்கும்? தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்கிற அன்றைக்கே அசல் சான்றிதழ்களை வாங்கி, பெர்சனல் ஆபீஸில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பெங்களூர் கூப்பிடு தூரம். வேலை பழகியதும் கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்குப் பையன் அங்கே தாவிவிடுவான் என்ற பயம் அவர்களுக்கு. தாவ நினைத்த பையன் என்னிடம் வருவான். தொலைந்தது என்று அவன் சொல்வான், அடடா என்று நான் சொல்வேன். இருவருக்குமே தெரியும், அது பூட்டின அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று. இந்தக் கூத்துக்கு விண்ணப்பம், செலான், முத்திரை, இணைப்புக் கடிதம் எல்லாம் உண்டு. மாதம் முழுக்க இதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் மனைவி கேட்கிற சாதாரணக் கேள்விக்குக்கூட நான் சள்ளென்று விழுவேன்.

அப்படி ஒரு நாள்தான் அந்தப் பெண் வந்தாள். எங்களிடம் பி.காம். முடித்தவள். மத்திகிரியில் வாடகை வீடு. அத்தா என்று அவள் கூப்பிடுகிற அப்பா, கெலமங்கலம் சந்தையில் துணி விற்கிறவர். அவள் ஒரு தொழிற்சாலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பிரிவில் வேலை செய்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு, அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கார்டு வந்திருந்தது. அடுத்த வாரம் தருமபுரியில். எல்லா அசலையும் காட்ட வேண்டும், காட்டாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று கார்டில் அச்சடித்திருந்தது.

“எந்த பஸ்ல தொலைச்சே?” என்றேன், தலை நிமிராமல்.

“தொலைக்கலை சார். ஃபேக்டரியில வெச்சிக்கினு தர மாட்டேங்கறாங்க.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் மேஜை முன்னால் ஒருவர் உண்மை பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அசல் இருக்குமிடம் தெரிந்துவிட்ட பிறகு நகலுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? பொய் சொன்னவன் எல்லாம் வாங்கிக்கொண்டு பெங்களூர் போய்விட்டான். இவள் உண்மையைச் சொல்லி என் கையையும் கட்டிவிட்டாள்.

“ஏம்மா, இதை ஏன் என்கிட்ட வந்து சொல்றே? தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு வரி எழுதினா கதை முடிஞ்சுதே!”

“எழுதிட்டு நான் கவர்மெண்ட் வேலையில சேர்ந்தப்புறம், கம்பெனிக்காரங்க ஒரிஜினலைத் தூக்கிக் காட்டினாங்கன்னா? அந்த வேலையும் பூடும் சார். எங்க அத்தா இதை நம்பிக்கினுதான் இருக்காரு. தங்கச்சிங்க ரெண்டு பேரு படிக்கறாங்க.”

பேச்சில் ஓட்டை இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு அந்தத் தொழிற்சாலைக்கு போன் போட்டேன். பெர்சனல் ஆபீசர் தேன் தடவிய குரலில் பேசினார். ஒப்பந்தக் காலம் முடியவில்லை, ரூல்ஸ் சார், எங்கள் கையில் எதுவும் இல்லை சார். கையில் எதுவும் இல்லையாம்! இருப்பதே அவர் கையில்தான். நேர்முகத் தேர்வுக்கு ஒரு நாள் மட்டும் கொடுங்கள் என்றேன். கொடுத்தால் திரும்பி வர மாட்டாள் சார் என்றார். வர மாட்டாள்தான். அதற்குத்தானே போகிறாள்.

சும்மா விட எனக்கு மனசில்லை. எந்தச் சான்றிதழையும் சரிபார்ப்புக்காகத் திரும்ப வரவழைக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. அதை யாரும் பயன்படுத்துவதில்லை, எனக்கே அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. ‘மேற்படி மாணவியின் அனைத்து அசல் சான்றிதழ்களும் பதிவேட்டுடன் ஒப்பிடத் தேவைப்படுவதால் உடனே அனுப்பவும்’ என்று அடித்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரையை மை வழிய வழிய அழுத்தினேன். தொழிற்சாலைக்காரர்கள் எதற்குப் பயப்படாவிட்டாலும் வட்ட முத்திரைக்குப் பயப்படுவார்கள். எங்கள் அட்டெண்டர் சைக்கிளில் கொண்டுபோனார். அன்றைக்கு அவரை வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மறுபடி அனுப்பினேன். ஆபீசர் லீவு என்றார்கள். அதற்கடுத்த நாள் கவரைக் கையில் வாங்காமல் திரும்பி வரக் கூடாது என்று அட்டெண்டரிடம் சொல்லி அனுப்பினேன். நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், அலுவலகம் மூடுகிற நேரத்துக்குக் கவர் வந்து சேர்ந்தது. ‘சரிபார்த்தபின் எங்களுக்கே திருப்பி அனுப்பவும்’ என்று அதன் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

அவள் ஷிப்ட் முடித்து நேரே வந்து பெஞ்சில் காத்திருந்தாள். கவரைக் கிழித்து மேஜையில் பரப்பினேன். பத்தாம் வகுப்பு இருந்தது. பட்டம் இருந்தது. செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள் ஒன்று குறையாமல் இருந்தன. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் காணோம். நேர்முகத் தேர்வுக் கார்டில் அதையும்தான் கேட்டிருந்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. போனை எடுத்து அந்த ஆபீசரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு முக்கியமான ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்வது என்ன புத்தி, ஏழைப் பெண் வயிற்றில் அடித்துவிட்டு எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்றெல்லாம் கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதே தேன் குரலில் சொன்னார்.

“சார், பிளஸ் டூ நாங்க வாங்கவே இல்லை. சேரும்போதே காலேஜ்ல இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. டிகிரி இருந்தா போதும்னு நாங்களும் விட்டுட்டோம். உங்க அலமாரியில பாருங்க சார்.”

போனை வைத்தேன். என் நாற்காலிக்குப் பின்னால்தான் அந்த இரும்பு அலமாரி. எங்கள் கல்லூரியில் சேரும்போது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வோம். நடுவில் படிப்பை விட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. முடித்துப் போகும்போது எல்லாத் துறையிலும் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கி வந்தால்தான் திருப்பித் தருவோம். பி.காம். படித்த பெண், வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் உடைக்கவில்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். பந்தையே தொடாதவள், பந்தைத் தொலைக்கவில்லை என்று விளையாட்டு ஆசிரியரிடம் வாங்க வேண்டும். அலமாரியைத் திறந்து அவள் வருஷத்துக் கட்டைப் பிரித்தேன். பிளஸ் டூ பட்டியல் இருந்தது. கூடவே குத்தியிருந்த தாளில் எல்லாக் கையெழுத்துகளும் இருந்தன, விளையாட்டு ஆசிரியருடையதைத் தவிர. அந்த வருஷம் அவர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

“மூணு வாட்டி வந்தேன் சார், லீவு போட்டு” என்றாள். “அவரு வந்தப்புறம் வான்னுட்டாங்க. அப்புறம் ஃபேக்டரியில லீவு குடுக்கல.”

“இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?” அவள் மேல்தான் கத்தினேன். வேறு யார் மேல் கத்துவது?

“ஃபேக்டரிக்காரங்க புடிச்சி வெச்சிக்கினாங்கன்னு சொன்னா, நீங்க கோவப்பட்டு எனக்காகப் பேசுவீங்க சார். நீங்களும்தான் வெச்சிருக்கீங்கன்னு சொன்னா நான் யார்கிட்ட சார் போறது? மொதல்ல அது வரட்டும், கடைசியா இதைக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்.”

அட்டெண்டர் மெதுவாக, “சார், பி.டி. சார் கையெழுத்து இல்லையே” என்றார். நான் பார்த்த பார்வையில் கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். சரிபார்ப்பதாகச் சொல்லித்தானே வரவழைத்தோம், அது பொய்யாக வேண்டாம். எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவள் காலை பஸ்ஸில் தருமபுரி போனாள். தொழிற்சாலையிலிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தபோது, சரிபார்த்து உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரே வரியில் பதில் போட்டேன். முதல்வரிடம் போய், நாமும் இனிமேல் அசலை வாங்கி வைக்க வேண்டாம் என்று சொன்னேன். குறிப்பு எழுதி வையுங்கள், கமிட்டியில் பார்க்கலாம் என்றார். எழுதி வைத்தேன். நான் அங்கிருந்து மாற்றலாகிப் போகிற வரைக்கும் கமிட்டி கூடவில்லை.

அவளுக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த சில வாரங்களில் அவளுடைய அத்தாவோடு அலுவலகத்துக்கு வந்து இனிப்பு கொடுத்தாள். எனக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. வழக்கமான அலுவலகக் கேள்வியாக, சேரும்போது சான்றிதழ் எல்லாம் ஒப்படைத்துவிட்டாயா என்று கேட்டேன்.

“கேட்டாங்க சார். பெட்டியில வெச்சிப் பூட்டறேன், பத்திரமா இருக்கும்னு அங்க இருக்கற சூப்பரண்டு சொன்னாரு. காப்பி எடுத்து முடிக்கற வரைக்கும் அந்த டேபிள்கிட்டயே நின்னேன்” என்றாள். “காட்டினேன் சார். குடுக்கல.”