ஆறாவது மீசைக் கோடு

ஸ்டெல்லா அக்கா ஏறும் நிறுத்தத்தில் அன்று கம்பெனி வேன் நிற்கவில்லை. ஏனென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ கேட்டதும் ஓட்டுநர் சொன்னார்: காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர் விடியற்காலையில் இறந்துவிட்டாராம். அதைக் கேட்ட பிறகும் பக்கத்து இருக்கையில் பையை வைத்து அவருக்கு இடம் பிடித்தபடியே வந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே மேசை. குழந்தைகள் பனியனில் ஒட்டும் ஸ்டிக்கர் படங்களை நான் கம்ப்யூட்டரில் கோடுகளாக்கிக் கொடுப்பேன். அந்தக் கோடுகளின் மேல் மெஷின் பிளேடை ஓடவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் அடித்தாள் அறுபடாமல் அவர் வெட்டுவார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு வந்த நான் முதல் மாதம் யாரோடும் பேசவில்லை. "ஏம்மிணி, கம்ப்யூட்டர்கிட்டயாவது பேசுவியா, அதுக்கும் தலையாட்டல்தானா?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சில படங்களில் ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு கோடு படிந்திருக்கும். திரையில் பார்த்தால் ஒன்றுதான். "ஒரே எடத்துல ரெண்டு தடவ பிளேடு ஓடுனா அடித்தாளும் அறுந்துரும் கண்ணு. ஒண்ண அழிச்சுரு" என்று அவர்தான் சொல்வார்.

அப்படிச் சொன்னவர் கடைசியாக வெட்டுவதற்கு மெஷினில் ஏற்றி வைத்திருந்த முயல் படத்தில்தான் மீசைக் கோடுகள் இரட்டையாக இருந்தன. நான் கொடுத்தபோது அவை ஒற்றை. அன்று மதியம் அவர் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் வேறொருவர் புது பிளேடு மாட்டி அதை ஓட்ட, அடித்தாள் அறுந்து மொத்த ரோலும் வீணானது. ஸ்டெல்லாவின் கவனக்குறைவு என்றார் சூப்பர்வைசர். அக்கா இறந்த பிறகும் செக்‌ஷனில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

கழற்றிய பழைய பிளேடு டிராயரில் கிடந்தது. அதை மாட்டி முயலை வெட்டிப் பார்த்தேன். முனை மழுங்கியிருந்தது. இரட்டைக் கோடு போட்ட ஐந்து மீசைகளும் சுத்தமாக உரிந்து வந்தன. ஆறாவது மட்டும் ஒற்றைக் கோடு, அது முழுதாக அறுபடாமல் உரிக்கும்போது கிழிந்தது. அப்படியானால் மழுங்கிய பிளேடுக்காக அவர் வேண்டுமென்றே போட்டவையா?

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். நானாக அவரிடம் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கலாம் கண்ணு. ஆனா வேணும்னே போட்டிருந்தா ஆறுக்குமில்ல போட்டிருக்கோணும்?"

துண்டோடு மேசைக்குத் திரும்பினேன். ஐந்தை முடித்து ஆறாவதற்கு வரும்போது காய்ச்சல் தாங்காமல் எழுந்து போனாரா? இல்லை, ஐந்துமே கைதவறி விழுந்த நகல்களா? அவரைக் கேட்டிருந்தால் கேலியோடு ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். இப்போது செக்‌ஷனில் கவனக்குறைவு என்று யாரும் சொல்வதில்லை. தெரியவில்லை என்கிறார்கள். அவருக்காக என்னால் வாங்கித்தர முடிந்தது அவ்வளவுதான்.

வேலைக்கு வேண்டிய முயலைத் திருத்தி வேறு பெயரில் சேமித்துக் கொடுத்துவிட்டேன். அவருடையது அவர் பெயரிலேயே என்னிடம் இருக்கிறது. அதில் ஆறாவது மீசைக்கு நான் இரண்டாம் கோடு போடவில்லை.